அச்சுக்கூடம் யாருடையது?

1907 ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வார இதழ் வெளிவந்தது. ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிலேயே விலையைச் சொன்ன இதழ். நடத்தியவர் சித்த மருத்துவர் க. அயோத்திதாசப் பண்டிதர். அடுத்த ஆண்டே வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி விலையைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு ‘தமிழன்’ என்று மட்டும் வைத்துக்கொண்டார். 1914 மே 5-ஆம் தேதி அவர் காலமாகும்வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், அந்த இதழ்தான் அவருடைய மேடை. ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வந்தது. ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’ வந்ததும் அதில்தான். சாதி எப்படி உண்டானது என்ற ஆராய்ச்சிக்குப் பக்கத்திலேயே மருத்துவக் குறிப்பு இருக்கும், விவசாயம் பற்றி எழுதியிருப்பார், வாசகர் கேட்ட சந்தேகத்துக்கு விடை சொல்லியிருப்பார். கல்கத்தாவிலும் லண்டனிலும் நடக்கிற அரசியலைப் பற்றிய அவருடைய தீர்ப்பும் அதே நான்கு பக்கத்துக்குள் அடங்கும்.

இவ்வளவு எழுதிய ஒருவரைத் தமிழ்ப் பொதுவெளி ஏறத்தாழ மறந்தே போயிருந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலை 1999-இல் வெளியிட்ட பிறகுதான் பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும் அவரைத் திரும்பிப் பார்த்தன. 85 ஆண்டுகள்! திட்டமிட்டு மறைத்தார்கள் என்று ஒரு பதில் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால், இடைப்பட்ட காலத்தில் அவரைக் காப்பாற்றி வைத்தவர்களை நாமும் மறந்தவர்களாவோம். அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதில்தான் இன்றைக்கு நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

காப்பாற்றியவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போய், ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பண்டிதரின் வழியில் சாக்கிய பௌத்த சங்கங்களை வைத்து நடத்தினார்கள். ‘தமிழன்’ ராயப்பேட்டையில் அச்சானபோதே அதைத் தாங்கிப் பிடித்த சந்தாக்களில் ஒரு முக்கியப் பங்கு தங்கவயலிலிருந்து வந்தது. ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கூலிக்குப் போன தமிழர்களும் அதைத் தபாலில் வரவழைத்துப் படித்தார்கள். பண்டிதர் போன பிறகு மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திப் பார்த்தார், இதழ் நின்றுபோனது. 1926-இல் அதே பெயரில் ‘தமிழன்’ மீண்டும் வந்தபோது அது வந்த இடம் சென்னை அல்ல, கோலார் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை, பண்டிதரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாகத் தொடர்ந்து அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து வீட்டில் வைத்துக் காத்தார்கள். 1999-இன் தொகுப்பு ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் கூலியிலிருந்து கட்டிய சந்தாவும், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் செல்லரிக்காமல் பார்த்துக்கொண்ட கட்டும் இல்லையென்றால் தொகுப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு, அவன் எழுதியதை அடுத்த தலைமுறைக்கும் அச்சில் வைத்திருக்கும் அதிகாரம் வேறு. இரண்டாவது யார் கையில் இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

தலித்துகள் தமக்கென்று இதழ் நடத்தும் முயற்சி அயோத்திதாசருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற ஆய்வு நூல், 1869-இல் வெளிவந்த ‘சூரியோதயம்’ தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. வேறு இதழ்களில் வந்த குறிப்புகளையும் அரசாங்கப் பதிவுகளையும் வைத்துத்தான் அப்படி ஓர் இதழ் இருந்தது என்றே அறிகிறோம். இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவுபடுத்தியதோ அதையே தலைப்பில் போட்டு, 1900 வரை நடத்தினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதனால் ஆதிக்க சாதியாரின் கையே ஓங்கும் என்று எதிர்த்து அவர் லண்டனுக்கு அனுப்பிய மனுவில் 3,412 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் நீளம் 112 அடி. சொந்தமாக ஒரு பத்திரிகை இருந்ததால்தான் இத்தனை பேரை ஒரு கோரிக்கையின்கீழ் திரட்ட முடிந்தது என்பது என் எண்ணம்.

அச்சு யார் கையில் என்ற இதே கேள்வியைக் கடலுக்கு அப்பால் கறுப்பின மக்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் நமக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார், ஆண்டு 1873. அம்பேத்கர் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு பாய்ஸ் பதில் எழுதினார். ஆனால் நான் இங்கே சொல்ல வருவது அந்தப் பெரிய பெயர்களைப் பற்றியல்ல, புத்தகக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவர்களைப் பற்றி.

டெட்ராய்ட்டில் நூலகராக வேலை பார்த்த டட்லி ராண்டல் 1965-இல் ‘பிராட்சைட் பிரஸ்’ தொடங்கினார். ஒற்றைத் தாளில் ஒரு கவிதை, அதுதான் முதல் வெளியீடு. வீட்டிலேயே வைத்து நடத்தினார், விலையைக் குறைவாகவே வைத்தார். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான குவெண்டலின் புரூக்ஸ், பெரிய நியூயார்க் பதிப்பகத்தை விட்டுவிட்டு 1969-இல் தம் ‘ரயட்’ நூலை ராண்டலிடம் கொடுத்தார். சிகாகோவில் ஹகி மதுபுத்தி 1967-இல் 400 டாலரும் ஒரு மிமியோகிராஃப் எந்திரமும் வைத்துக்கொண்டு ‘தேர்ட் வேர்ல்ட் பிரஸ்’ ஆரம்பித்தார். அது அரை நூற்றாண்டைத் தாண்டி நின்றது. லண்டனில் ஜான் லா ரோஸின் ‘நியூ பீக்கன் புக்ஸ்’ 1966-இல் தொடங்கியது.

இவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் பால்டிமோரின் பால் கோட்ஸ். பிளாக் பேந்தர் கட்சியில் இருந்தவர். 1978-இல் ‘பிளாக் கிளாசிக் பிரஸ்’ தொடங்கியபோது புது எழுத்தாளர்களைத் தேடி ஓடுவதைவிட, அச்சில் இல்லாமல் போன பழைய கறுப்பின வரலாற்று நூல்களை மறுபதிப்புச் செய்வதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். பிறகு சொந்தமாக டிஜிட்டல் அச்சு வசதியும் ஏற்படுத்திக்கொண்டார். நூல் அவருடையது, எந்திரமும் அவருடையது. ஐம்பது பிரதி தேவையென்றால் ஐம்பது மட்டும் போட்டுக்கொள்ளலாம். துப்பறியும் நாவல்களால் பெரும்புகழ் பெற்றிருந்த வால்டர் மோஸ்லி, தம்முடைய வழக்கமான பெரிய பதிப்பகத்தைத் தவிர்த்து, ‘கான் ஃபிஷின்’ என்ற நாவலை வேண்டுமென்றே கோட்ஸிடம் கொடுத்தார். 1997-இல் அது வெளிவந்தது. பெயரும் வாசகர் கூட்டமும் உள்ள ஓர் எழுத்தாளர் ஒரே ஒரு நூலைத் தந்தால் ஒரு சிறு பதிப்பகத்தின் நடையே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ராண்டலின் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. புத்தகம் விற்றது, கவிஞர்கள் பெயர் பெற்றார்கள், ஆனால் விற்ற பணம் வசூலாகவில்லை. குறைந்த விலையும் நிலுவையும் சேர்ந்து கடனில் கொண்டுபோய் விட, 1970-களிலேயே பதிப்பகத்தை வேறு கைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இலட்சியம் தோற்றதாக நான் இதைப் படிக்கவில்லை. வசூல் என்பதும் இலட்சியத்தின் ஒரு பகுதிதான் என்று படிக்கிறேன்.

இங்கே பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரு தோழர் பதிப்பகம் நடத்துகிறார். தலித் வரலாறு, அம்பேத்கரியம், கொஞ்சம் கவிதை. உள்ளே போனால் புத்தகக் கட்டுகள் தரையில் இல்லை, பலகை போட்டு அதன்மேல் அடுக்கியிருக்கும். சுவரில் படாமல் ஒரு கை நுழையும் இடம் விட்டிருக்கும். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து முதல் பக்கத்தில் பழுப்புக் கறை விழுந்துவிடும் என்பதால் சிறு வெளியீடுகளைக்கூட இப்போது பின் அடிக்காமல் ஒட்டு பைண்டிங் செய்கிறார். அவரிடம் கணக்கு கேட்டேன். 160 பக்கப் புத்தகம், விலை 200 ரூபாய். கடைக்குக் கழிவு நாற்பது சதவீதம் போனால் கைக்கு 120. நூறு பிரதி அச்சிட்டால் பிரதிக்கு 75 ரூபாய் அடக்கம் ஆகிறது. எழுத்தாளருக்குப் பத்து சதவீத ராயல்டி 20. மிச்சம் 25 ரூபாய். அந்த இருபத்தைந்தில்தான் டிடிபி, புரூஃப், மேலட்டை, பார்சல், வீட்டு வாடகை, ஒரு மனிதரின் சாப்பாடு. “அதுவும் கடைக்காரர் கொடுத்தால்தான் தோழர்” என்றார். அவருடைய நோட்டில் வரவேண்டிய பாக்கி என்ற பத்தி மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது. சில வரிகளுக்கு எதிரே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

இந்த நிலையில் எல்லாச் சிறு பதிப்பகங்களும் கண்ணை வைப்பது நூலக ஆணைமீதுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழி வந்தது. பாலவாக்கத்தில் ஓட்டு வீட்டுக்காரர் கட்டும் வரியிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பணத்தில் வாங்கும் நூல்களில் எல்லார் வரலாறும் இருக்க வேண்டும் என்று கேட்பது உரிமை. ஆனால் ஆணை வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. வந்தாலும், அச்சிட்ட பக்கங்களை எண்ணும் ஃபார்மா கணக்கில்தான் விலை. அரசு இணையவழிக் கொள்முதல் முறையைக் கொண்டுவந்திருப்பது நல்லது. எந்த நூல் ஏன் எடுக்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்பது வெளியே தெரிந்தால் இன்னும் நல்லது. என்றாலும் அரசு வாங்கினால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில் உள்ள பதிப்பகத்தைச் சுயேச்சைப் பதிப்பகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நூலுக்குப் பிறர் கையை நம்பியிருப்பதன் கசப்பை அம்பேத்கரைவிட அழுத்தமாக யாரும் அனுபவித்திருக்க முடியாது. ‘சாதி ஒழிப்பு’ உரையை லாகூரில் பேச அழைத்தவர்களே மாநாட்டை ரத்து செய்தபோது, 1936-இல் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். அந்த உரையைப் பெரியார் தமிழில் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்து, ‘புத்தரும் அவர் தம்மமும்’ அச்சுக்குப் போகும் நேரத்தில், 1956 செப்டம்பர் 14-ஆம் தேதி நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அச்சுச் செலவு 20,000 ரூபாய், தம் சக்திக்கு மீறியது; புத்த ஜயந்தி ஆண்டாகையால் நூலகங்களுக்கும் வரும் அறிஞர்களுக்கும் கொடுக்க அரசு ஓர் ஐந்நூறு பிரதி வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டார். ஜயந்தி வெளியீடுகளுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். நூல் 1957-இல், அவர் உருவாக்கிய மக்கள் கல்விக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு 500 பிரதிக்கு ஆணை கிடைக்கவில்லை. ஆனால் இன்று அதே டிசம்பர் 6-ஆம் தேதி மும்பை தாதரில் சைத்ய பூமிக்குப் போய்ப் பாருங்கள். விஜயதசமி நாளில் நாக்பூர் தீட்சா பூமிக்குப் போய்ப் பாருங்கள். தாதரில் சிவாஜி பூங்கா ஓரத்தில் கடை கடையாகப் புத்தகம். கிராமத்திலிருந்து ரயிலேறி வந்த குடும்பங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவருடைய நூல்களையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாக்பூரில் யோகேஷ் மைத்ரேயா 2016-இல் ‘பேந்தர்ஸ் பா’ பதிப்பகத்தைத் தொடங்கும்போது அப்படி ஒரு வாசகர் நிலம் அங்கே ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

தமிழில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி ஓர் அலை எழுந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் க்ரியா வெளியீடு. அந்தப் பதிப்பாளர்களுக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது. செம்மையாக்கத்தில் க்ரியா காட்டிய அக்கறையை இன்றும் யாரும் எளிதில் எட்டவில்லை. 1997-இல் புனித பாண்டியனை ஆசிரியராகக் கொண்டு ‘தலித் முரசு’ வந்தது. 2003-இல் ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் சேர்ந்து ‘நவயானா’வை ஆங்கிலப் பதிப்பகமாகத் தொடங்கினார்கள். இப்போது திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் நீலம் பதிப்பகமும் மாத இதழும் நடக்கின்றன, எழும்பூரில் அவர்களுக்குப் புத்தகக் கடை இருக்கிறது. சினிமாவில் சம்பாதித்ததைப் புத்தகத்தில் போடுகிற ஒருவர் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் ஒரு சமூகத்தின் அச்சு, ஒரு மனிதரின் வருமானத்தை நம்பி எவ்வளவு நாள் நிற்கும்? பண்டிதரின் இதழ் அவருக்குப் பின் சென்னையில் நின்றுபோனதை இங்கே நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஈழத்தில் இதற்கு வேறொரு விடை இருந்தது. டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில் 1927-இல் பிறந்தவர். பள்ளியில் சாதியின் பேரால் பட்ட அவமானத்தோடு படிப்பு நின்றது. ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966-இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அவருடைய சலூன்தான் அதன் முதல் அலுவலகம். ஒரு பக்கம் முடிவெட்டு, ஒரு பக்கம் இலக்கியப் பேச்சு. இதழ் வந்ததும் தாமே எடுத்துக்கொண்டு போய்க் கைக்குக் கை விற்பார், காசை அங்கேயே வாங்கிக்கொள்வார். போர் வந்தது, இடம்பெயர்ந்தார், கொழும்பிலும் ‘மல்லிகை’ வந்தது. ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரில் நூல்களையும் பதிப்பித்தார். நாற்பது ஆண்டுகளுக்குமேல். 2021-இல் மறையும்போது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத அவருடைய இதழை ஈழத்து இலக்கிய ஆய்வாளர் எவரும் தாண்டிப் போக முடியாது என்ற நிலை இருந்தது. பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை. வாசகரை முகத்துக்கு முகம் தெரியும். பாக்கி வைக்கும் இடைத்தரகர் நடுவில் இல்லை. தங்கவயலின் சந்தாவும் ஜீவாவின் கைவிற்பனையும் ஒரே முறையின் இரண்டு வடிவங்கள் என்றே நினைக்கிறேன்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசருக்கு 2023-இல் மணிமண்டபம் திறந்தார்கள். திறக்கத்தான் வேண்டும். பாலவாக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற வழியில் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழந்தமிழ் அச்சுப் பிரதிகள் அங்கே பாதுகாப்பாக உள்ளன. ஆய்வாளருக்கு அது போதும். ஆனால் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற பெண், ‘தமிழன்’ இதழில் என்ன இருந்தது என்று 150 ரூபாய் கொடுத்து வாங்கிப் படிக்க ஒரு பதிப்பு எப்போதும் கடையில் இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் மறுநாளே அச்சுக்கு அனுப்ப ஒருவர் இருக்க வேண்டும். ஆதிதிராவிட எழுத்தாளர்கள் நூல் வெளியிட அரசு நிதியுதவி தருகிறது. அந்த உதவி முதல் பதிப்போடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பதிப்பையும் பத்தாம் பதிப்பையும் போடுகிறவர் பதிப்பாளர். மறுபதிப்புக்கென்று அவருக்கு ஒரு திட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் சிலரிடம் நேராகவே கேட்கிறேன். விருதும் பெயரும் பெற்ற தலித் எழுத்தாளர்களிடம்: அடுத்த ஐந்து நூல்களில் ஒன்றையாவது மோஸ்லி செய்ததுபோல் நம்மவர் நடத்தும் சிறு பதிப்பகத்துக்குக் கொடுங்கள், அச்சில் இல்லாமல் போன உங்கள் பழைய நூலின் உரிமையையாவது கொடுங்கள். புத்தகக் கடைக்காரர்களிடம்: விற்ற பிரதிக்கு மூன்று மாதத்துக்குள் பணம் அனுப்புங்கள், மற்றதைத் திருப்பி அனுப்புங்கள். அரசு ஊழியர் சங்கங்கள், வங்கி ஊழியர்களின் எஸ்.சி., எஸ்.டி. நலச் சங்கங்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், இவர்கள்தான் இன்றைய தங்கவயல். ஆளுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் முன்சந்தா என்று ஐந்நூறு பேர் ஒரு பதிப்பகத்துக்குக் கட்டினால், பாலவாக்கத்துத் தோழரைப் போன்ற ஒருவர் கடன் வாங்காமல் ஆண்டுக்கு ஆறு நூல்களை அச்சில் வைத்திருக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்கிறார். முதலில் எதைப் போடுவீர்கள் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. சித்தார்த்தா புத்தகசாலையின் பழைய வெளியீடுகள் நான்கைத் தட்டச்சு செய்து, புரூஃப் பார்த்து, அட்டைவரை தயாராக வைத்திருக்கிறார்.